புது ஃபுட்பால் கோச் வந்தா எவ்ளோ எதிர்பார்க்கலாம், எதைப் பார்த்து முடிவு பண்ணலாம்

புது கோச் யாருன்னு அறிவிப்பு வந்த அன்னைக்கே ரசிகர்கள் ரெண்டு கூட்டமா பிரிஞ்சுடுவாங்க. ஒரு கூட்டம் இந்த வருஷம் கப் நமக்குத்தான்னு சொல்லும், இன்னொண்ணு இந்த ஆளா, இதுக்கு முன்னாடி இருந்த டீம்ல என்னத்த கிழிச்சாருன்னு கேக்கும், நாலு மேட்ச் போனா ரெண்டு கூட்டமும் இடம் மாறி நிக்கும். ஏன்னா நாம யாருமே மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எதை எதிர்பார்க்கறோம்னு தெளிவா வச்சுக்கறது இல்ல, ரிசல்ட் வந்த பிறகு அதுக்கு ஏத்த மாதிரி எதிர்பார்ப்ப மாத்திக்கறோம். எவ்ளோ டைம் குடுக்கணும்னுதான் எல்லாரும் சண்டை போடறாங்க. அந்த டைம்ல எதைப் பாக்கணும்னு யாரும் பேசறதில்ல, என்னைக் கேட்டா அதுதான் முக்கியம். இங்கிலாந்தோட பிரீமியர் லீக்கத்தான் நம்மள்ல நிறைய பேரு நைட்டு முழிச்சு பாக்கறோம்ங்கறதால உதாரணம் பெரும்பாலும் அங்கேர்ந்து சொல்றேன், நடுவுல நம்ம சென்னையின் எஃப்சியும் வரும்.

முதல்ல அவரு கையில வாங்குன டீம் எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. போன சீசன் எத்தனையாவது இடம்ங்கறது மட்டும் போதாது. மான்செஸ்டர் யுனைடெட் 2012-13ல 11 பாயின்ட் வித்தியாசத்துல சாம்பியன், அதைப் பாத்துட்டு டேவிட் மோயஸ் வந்தப்ப எல்லாரும் அடுத்த வருஷமும் டாப் ரெண்டுக்குள்ள வருவோம்னு நெனச்சாங்க. ஆனா உள்ள போய் பாத்தா ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா மூணு பேருமே முப்பதத் தாண்டியாச்சு, ஸ்கோல்ஸ் ரிட்டயர் ஆயிட்டாரு, கிக்ஸுக்கு 39 வயசு, முந்தின சீசன்ல வான் பெர்ஸி ஒருத்தரே லீக்ல 26 கோல் அடிச்சு இழுத்துட்டு வந்திருந்தாரு, போதாக்குறைக்கு கிளப்ப நடத்துன டேவிட் கில்லும் பழைய கோச் ஃபெர்குசன் கூடவே கெளம்பிட்டாரு. ஆறு வருஷ கான்ட்ராக்ட் போட்டு கூட்டிட்டு வந்த மோயஸ பத்து மாசத்துல 2014 ஏப்ரல்ல அனுப்பிட்டாங்க, டீம் ஏழாவது இடத்துல முடிச்சுது. மோயஸ் நல்லா பண்ணாருன்னு நான் சொல்லல, ஆனா அந்த டீம வச்சு மறுபடி சாம்பியன்ங்கற எதிர்பார்ப்பு ஆரம்பத்துலயே தப்பு.

இதுக்கு அப்படியே எதிர்ப்பக்கம் ஆர்னே ஸ்லாட். அவருக்கு முன்னாடி கோச்சா இருந்த க்ளாப் போனப்ப லிவர்பூல் 82 பாயின்ட்டோட மூணாவது இடம், மிட்ஃபீல்டு மொத்தமும் அதுக்கு முந்தின கோடையிலயே புதுசா மாத்தியாச்சு, சலா, வான் டைக், அலிசன் மூணு பேரும் அப்படியே இருக்காங்க. அந்த சீசனுக்கு புதுசா வாங்கி டீம்ல சேத்தது கியேசா ஒருத்தரத்தான், ஆனாலும் 2024-25 லீக் டைட்டில் ஜெயிச்சாரு. க்ளாப் போனதும் லிவர்பூல் சரியும்னு சொன்னவங்க போன மனுஷனையே பாத்துட்டு இருந்தாங்க, அவரு விட்டுட்டுப் போன டீமப் பாக்கல.

அதனால அறிவிப்பு வந்ததும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி நாலு விஷயத்த குறிச்சு வைங்க. கடைசி ரெண்டு சீசன் பாயின்ட், அடிச்ச கோல் வாங்குன கோல் வித்தியாசம், முக்கியமான 11 பேரோட வயசு, யார் யாருக்கு கான்ட்ராக்ட் முடியப்போவுது. டிரான்ஸ்ஃபர்மார்க்ட் சைட்ல இதெல்லாம் சும்மாவே கெடைக்கும். முடிஞ்சா சம்பளச் செலவுல உங்க கிளப் லீக்ல எத்தனையாவதுன்னும் பாருங்க, ஏன்னா நீண்ட ஓட்டத்துல லீக் டேபிள் பெரும்பாலும் சம்பளப் பட்டியல ஒட்டித்தான் போகும். சம்பளத்துல 12வது இடத்துல இருக்கற கிளப்போட கோச் ஒன்பதாவது முடிச்சா அது நல்ல வேலை, அதே ஒன்பதாவது இடம் சம்பளத்துல மூணாவது இருக்கற கிளப்புக்கு கேவலம். ஒரே நம்பர்தான், ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே திட்டு விழக்கூடாதுல்ல.

அடுத்து, பிளேயர வாங்கறது யாருன்னு தெரிஞ்சுக்கோங்க. பழைய காலத்து மேனேஜர் மாதிரி வாங்கறது விக்கறது எல்லாம் ஒரே ஆளு பண்ற வழக்கம் இப்ப பெரிய கிளப்கள்ல கெடையாது, ஸ்போர்ட்டிங் டைரக்டர்னு ஒருத்தரு இருப்பாரு, லிவர்பூல்ல ரிச்சர்ட் ஹியூஸ் இருக்கற மாதிரி. அப்படி இருக்கற இடத்துல தப்பான ஸ்ட்ரைக்கர வாங்குனதுக்கு கோச்ச திட்டிப் பிரயோஜனம் இல்ல, குடுத்த ஆளுங்கள வச்சு என்ன ஆட்டம் ஆட வைக்கறாருங்கறதுதான் அவரோட கணக்கு.

எந்த மாசம் வந்தாருங்கறதும் பெரிய விஷயம், இதை பாதி பேரு மறந்துடறாங்க. ஜூலைல வர்ற கோச்சுக்கு ப்ரீ சீசன், அதாவது லீக் ஆரம்பிக்கறதுக்கு முந்தின பயிற்சிக் காலம், முழுசா கெடைக்கும். நடுவுல வர்றவருக்கு மூணு நாளைக்கு ஒரு மேட்ச், மேட்ச் முடிஞ்ச மறுநாள் ரெஸ்ட், அதுக்கு மறுநாள் லைட்டா ஓட்டம், அதோட அடுத்த மேட்சுக்கு பஸ் ஏறணும், உக்காந்து சொல்லிக்குடுக்க நேரமே இருக்காது. ரூபன் அமோரிம் 2024 நவம்பர்ல யுனைடெட் வந்தாரு, மூணு டிஃபெண்டர், நாலு மிட்ஃபீல்டர், மூணு ஃபார்வர்டுன்னு நிக்கற அவரோட 3-4-3க்கு ரெண்டு பக்கமும் மேலயும் கீழயும் ஓடற விங் பேக் வேணும், அந்த ஸ்க்வாட்ல அப்படி ஆளே சரியா இல்ல. முடிவு 42 பாயின்ட், 15வது இடம், ஐரோப்பிய கிளப்களோட ரெண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் ஃபைனல்ல டாட்டன்ஹாம்கிட்ட 1-0 தோல்வி. அந்த முதல் அரை சீசன வச்சு அவர எடை போட்டது நியாயம் இல்லன்னுதான் நான் இன்னும் சொல்வேன், ஆனா ப்ரீ சீசன் கெடைச்சு, முன்னாடி ஆட புது ஆளுங்களும் வந்த பிறகு எதிர்பார்ப்பு ஏறத்தான் செய்யும், அது நடக்கல, 2026 ஜனவரில அவரையும் அனுப்பிட்டாங்க. க்ளாப் கூட 2015 அக்டோபர்லதான் வந்தாரு, அந்த சீசன் லிவர்பூல் மொத்தம் 63 மேட்ச் ஆடி லீக்ல எட்டாவது. ரெண்டு ஃபைனல் போய் ரெண்டுலயும் தோத்தாங்க. ஆனா டீம் எந்தத் திசையில போகுதுன்னு அப்பவே தெரிஞ்சுது.

முதல் பத்து மேட்ச் பத்தி ஒண்ணு சொல்லணும், தயவுசெஞ்சு அதோட ரிசல்ட்ட வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. பழைய கோச்ச தூக்கறது எப்ப? டீம் ரொம்ப மோசமா போய்ட்டு இருக்கும்போது. அந்த மோசத்துல பாதி ஆட்டம் சரியில்லாதது, பாதி அதிர்ஷ்டம் இல்லாதது, போஸ்ட்ல பட்டு வெளிய போற பால், இஞ்சுரி, எதிர் கீப்பருக்கு அன்னைக்குன்னு வந்த நல்ல நாள். அதிர்ஷ்டம் எப்படியும் திரும்பி சராசரிக்கு வரும், அது வர்ற நேரத்துல புது கோச் பெஞ்ச்ல நின்னுட்டு இருப்பாரு, பாராட்டு அவருக்குப் போகும். சோல்ஷார் 2018 டிசம்பர்ல யுனைடெட்டுக்கு தற்காலிகமா வந்தாரு, முதல் மேட்ச் கார்டிஃப் போய் 5-1, வரிசையா எட்டு வெற்றி, பாரிஸ்ல போய் பிஎஸ்ஜிய சாய்ச்சது, ஊரே கொண்டாடுச்சு, மார்ச் 28 அன்னைக்கு மூணு வருஷ கான்ட்ராக்ட் குடுத்தாங்க. அதே சீசனோட கடைசி மேட்ச், ஓல்ட் டிராஃபோர்டுல, அதே கார்டிஃப், ஏற்கனவே கீழ் டிவிஷனுக்கு இறங்கறது உறுதியான டீம், அவங்க வந்து 2-0 ஜெயிச்சுட்டுப் போனாங்க. எமெரி ஆர்சனல்ல 22 மேட்ச் தோக்காம போனாரு, அடுத்த வருஷம் நவம்பர்ல வேலை இல்ல. அதே எமெரி ஆஸ்டன் வில்லால வந்து, கீழ தள்ளாடிட்டு இருந்த டீம ஏழாவது இடத்துக்கும், அடுத்த சீசன் நாலாவது இடத்துக்கும் கொண்டு போனாரு. ஆளு அதேதான், கிளப் வேற.

சரி, ரிசல்ட்ட பாக்க வேணாம்னா எதைப் பாக்கறது? மேட்ச் பாக்கும்போது பால் பின்னாடியே கண்ண ஓட்டாதீங்க. நம்ம டீம் பால விட்ட அந்த நொடி, பக்கத்துல இருக்கற மூணு பேரு என்ன பண்றாங்கன்னு மட்டும் பாருங்க. மூணு பேரும் சேந்து பாயறாங்களா, ஒருத்தன் மட்டும் ஓடி மத்த ரெண்டு பேரு நிக்கறாங்களா, இல்ல எல்லாரும் பின்னாடி ஓடி வரிசை கட்டறாங்களா. எந்த முறையா இருந்தாலும் சரி, எல்லாரும் ஒரே முறைய செஞ்சா கோச் சொன்னது ஏறிடுச்சுன்னு அர்த்தம். ஒருத்தன் மட்டும் ஓடறான்னா இன்னும் ஏறல. இது அஞ்சாவது ஆறாவது மேட்ச்லயே தெரிய ஆரம்பிச்சுடும், தோத்த மேட்ச்லயும் தெரியும், அதான் இதோட அருமை.

அடுத்தது கோல் கிக். கீப்பர் ஒவ்வொரு தடவையும் யோசிச்சு யோசிச்சு வேற வேற மாதிரி அடிக்கறாரா, இல்ல ஒரு பேட்டர்ன் இருக்கா. அப்புறம் சப்ஸ்டிடியூஷன், 60வது நிமிஷம் பக்கத்துல ஆள மாத்துனதும் ஆட்டத்துல ஏதாவது மாறுதா, இல்ல பேரு மட்டும் மாறுதா. கார்னர் ஃப்ரீ கிக்ல கோல் வாங்கறது குறையுதாங்கறது நல்ல அளவுகோல், ஏன்னா அது முழுக்க முழுக்க டிரெய்னிங் கிரவுண்ட் வேலை, பெரிய காசு போட்டு ஆள் வாங்காமலே சரி பண்ண முடியற ஒண்ணு. ஆர்சனல் 2021ல நிக்கோலஸ் ஜோவர்னு ஒரு செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி) கோச்ச கூட்டிட்டு வந்தாங்க, பின்னாடி அந்த டீம் கார்னர் எடுத்தாலே எதிர் டீம் பதர்ற நெலமைக்கு வந்துச்சு. நம்பர் வேணும்னா எக்ஸ்ஜி, அதாவது கெடைச்ச வாய்ப்புகளுக்கு எத்தனை கோல் வந்திருக்கணும்ங்கற கணக்கு, பாருங்க, ஆனா ஒரு மேட்ச் எக்ஸ்ஜிய வச்சு சண்டை போடாதீங்க, பத்து பத்து மேட்சா சேத்து, உருவாக்குன வாய்ப்பு ஏறுதா, குடுத்த வாய்ப்பு குறையுதான்னு மட்டும் பாருங்க, அண்டர்ஸ்டாட் சைட்ல இது இருக்கு.

கோச்சோட குணம் தெரியணும்னா டீம் சிக்கல்ல இருக்கற மேட்ச்ச முழுசா பாருங்க. 2023 நவம்பர் 6, டாட்டன்ஹாம் சொந்த கிரவுண்டுல செல்சி கூட ஆடுது. டாட்டன்ஹாமோட புது கோச் போஸ்டெகோக்ளு வந்து பத்து லீக் மேட்ச், எட்டு வெற்றி ரெண்டு டிரா, ஒரு தோல்வி கெடையாது. 33வது நிமிஷம் ரொமேரோவுக்கு ரெட் கார்டு, வான் டி வென்னும் மேடிசனும் முதல் பாதியிலயே இஞ்சுரில வெளிய, 55வது நிமிஷம் உடோகியும் ரெண்டாவது மஞ்சள் வாங்கி போயாச்சு, ஒன்பது பேருதான் மிச்சம். எந்த கோச்சா இருந்தாலும் பெனால்டி பாக்ஸுக்குள்ள சுவரு கட்டி நின்னிருப்பாரு. இவரு டிஃபென்ஸ் லைன கிரவுண்டோட நடுக்கோட்டுப் பக்கமே நிறுத்தி வச்சாரு, கீப்பர் விகாரியோ பாக்ஸ விட்டு ஓடி வந்து ஓடி வந்து பால வெளிய தட்டுனாரு, 75வது நிமிஷம் வரைக்கும் 1-1ல தாங்குச்சு. கடைசில ஜாக்சன் ஹாட்ரிக் அடிச்சு 4-1. தோத்தும் ஸ்டேடியம் எந்திரிச்சு கை தட்டுச்சு. அன்னைக்கு அதுல ரெண்டு விஷயம் தெரிஞ்சுது, இந்த மனுஷன் பேச்சுல ஆளுங்க உயிரக் குடுத்து ஓடறாங்க, அதே சமயம் எந்த நெலமையிலும் இவரு ஆட்டத்த மாத்த மாட்டாரு.

அந்த ரெண்டுமே பின்னாடி அப்படியே நடந்துச்சு. 2024-25ல லீக்ல 22 தோல்வி, 17வது இடம், ஆனா யூரோப்பா லீக் கப்ப தூக்கிட்டு வந்தாரு, 17 வருஷத்துல அந்த கிளப்புக்கு முதல் கப். கப் ஜெயிச்ச 16வது நாள் வேலைய விட்டு தூக்கிட்டாங்க. டாட்டன்ஹாம் ரசிகர்கள் இன்னைக்கும் இத வச்சு அடிச்சுக்கறாங்க, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. என் பக்கம் கேட்டா, 17 வருஷம் காத்திருந்த கூட்டத்துக்கு கப் குடுத்த மனுஷன இன்னும் கொஞ்சம் மரியாதையா அனுப்பியிருக்கணும், ஆனா லீக்ல 22 தோல்விய கண்ண மூடிட்டும் போக முடியாது. இதுல நமக்கு பாடம் என்னன்னா லீக் இடம் வேணுமா கப் வேணுமான்னு சீசன் ஆரம்பிக்கறப்பவே மனசுல தீர்மானம் பண்ணிக்கணும், ரெண்டும் வேணும்னு சொன்னா எந்த கோச்சாலயும் உங்கள திருப்திப்படுத்த முடியாது.

டைம் விஷயத்துக்கு வர்றேன். என் கணக்கு இதுதான்: பொதுவா முதல் சீசன்ல முன்னேற்றத்தோட அடையாளம் மட்டும் கேளுங்க, ரெண்டாவது கோடை டிரான்ஸ்பர் (பிளேயர வாங்கி விக்கற காலம்) முடிஞ்ச பிறகு ரிசல்ட் கேளுங்க. கார்டியோலாவே முதல் சீசன் 2016-17ல மான்செஸ்டர் சிட்டிக்கு ஒரு கப்பும் வாங்கித் தரல, மூணாவது இடம், அவருகிட்ட இருந்த ஃபுல்பேக் நாலு பேரும் முப்பதத் தாண்டினவங்க. அடுத்த கோடையில வாக்கர், மெண்டி, டானிலோ, கீப்பர் எடர்சன் வந்தாங்க, 100 பாயின்ட்.

ஆர்டெட்டா கதை இன்னும் நல்ல உதாரணம். 2019 டிசம்பர்ல ஆர்சனலுக்கு வந்தாரு, எஃப்ஏ கப் ஜெயிச்சாரு, ஆனா லீக்ல எட்டாவது, அடுத்த சீசனும் எட்டாவது, 2020 கிறிஸ்துமஸ் அன்னைக்கு 15வது இடம், 2021-22 ஆரம்பத்துல பிரென்ட்ஃபோர்டு, செல்சி, சிட்டி மூணு பேருகிட்டயும் தோத்து ஒரு கோல் கூட அடிக்காம டேபிள்ல கடைசி. அப்ப அவர தூக்கணும்னு கத்தாத ஆர்சனல் ரசிகர் குறைவு. ஆனா டேபிள விட்டுட்டு உள்ள பாத்தவங்களுக்கு வேற படம் தெரிஞ்சுது. 2019-20ல 48 கோல் வாங்குன டீம் அடுத்த சீசன் 39தான் வாங்குச்சு, லீக்லயே மூணாவது நல்ல டிஃபென்ஸ். பெரிய சம்பளம் வாங்கிட்டு ஆட்டத்துக்கு ஒத்துவராத ஆளுங்க ஒவ்வொருத்தரா வெளிய போனாங்க, சாக்கா, ஸ்மித் ரோ மாதிரி சின்னப் பசங்க உள்ள வந்தாங்க, 2021 கோடையில வாங்குன ஆறு பேருமே 23 வயசு இல்ல அதுக்குக் கீழ. இதெல்லாம் திட்டம் இருக்கற கிளப்போட அடையாளம். அடுத்து அஞ்சாவது, அப்புறம் வரிசையா மூணு சீசன் ரெண்டாவது இடம். ரெண்டாவதுலயே நிக்கறது போதுமான்னு அப்ப கேட்டாங்க பாருங்க, அது நியாயமான கேள்வி, ஏன்னா டீம் ஏறுனா எதிர்பார்ப்பும் கூட ஏறணும்.

பொறுமைன்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் ஃபெர்குசன இழுப்பாங்க. 1986 நவம்பர்ல வந்தாரு, முதல் மேட்ச் ஆக்ஸ்ஃபோர்டுகிட்ட 2-0 தோல்வி, 1989-90ல லீக்ல 13வது, முதல் லீக் டைட்டில் 1993ல. உண்மைதான், ஆனா அவரு சும்மா டைம் கேட்டு வந்தவரு இல்ல, 1983லயே ஸ்காட்லாந்து கிளப் அபர்டீன வச்சு ரியல் மாட்ரிட்ட ஃபைனல்ல சாய்ச்சு ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப் தூக்குனவரு, யுனைடெட் வந்ததுமே சின்னப் பசங்க அகாடமிய அடியிலேர்ந்து கட்டுனாரு, 1992ல அந்தப் பசங்க யூத் கப் ஜெயிச்சாங்க. அந்தப் பொறுமைக்குக் காரணம் இருந்துச்சு. ஒரு அடையாளமும் காட்டாத கோச்சுக்கு ஃபெர்குசன் பேர சொல்லி டைம் கேக்கறத நான் ஒத்துக்க மாட்டேன்.

அப்ப எப்ப கைய விடலாம்? ஒரே மாதிரி கோல திரும்பத் திரும்ப வாங்கறது, முதல் கோல் வாங்குனதும் ஆளுங்க ஓடறத நிறுத்தறது, போன சீசன் நல்லா ஆடுன ரெண்டு மூணு பேரு ஒரே நேரத்துல மோசமாகறது, கோச் பேட்டில தொடர்ந்து பிளேயர் மேல பழி போடறது. இதுல ரெண்டு மூணு ஒண்ணா சேந்து, ரெண்டு மாசத்துக்கு மேல தொடர்ந்தா போதும், மாத்தணும்னு தாராளமா சொல்லலாம், அது விசுவாசக் குறைவு இல்ல.

மாத்துனது சரியா வந்ததுக்கு நம்ம ஊர் கதையே இருக்கு. 2019-20 சீசன்ல சென்னையின் முதல் நாலு மேட்ச்ல ஒரு கோல் கூட அடிக்கல, ஆறு மேட்ச்ல அஞ்சு பாயின்ட், அதுக்கு முன்னாடி கப் வாங்கிக் குடுத்த ஜான் கிரிகரி கெளம்புனாரு, ஓவன் கொய்ல் வந்தாரு. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்டே எல்லாம் ஏற்கனவே டீம்ல இருந்தவங்கதான், அவங்கள முன்னாடி தள்ளி வேகமா ஆட விட்டாரு, வால்ஸ்கிஸ் 15 கோல் அடிச்சாரு, செமிஃபைனல்ல கோவாவ சென்னைல 4-1, மொத்தத்துல 6-5, ஃபைனல் வரைக்கும் போச்சு, கொரோனாவால ஆளே இல்லாத ஃபத்தோர்டா ஸ்டேடியத்துல கொல்கத்தா டீம் ஏடிகே கிட்ட 3-1 தோத்தாங்க. அதே கொய்ல் 2023ல திரும்ப வந்தப்ப அதே மேஜிக்க எதிர்பார்த்தோம், முதல் சீசன் பிளே ஆஃப் வரைக்கும் போச்சு, அடுத்த சீசன் அதுவும் இல்ல. முன்னாடி இருந்த ஸ்க்வாட் அது இல்லையே.

ஸ்டேடியத்துல இருந்தாலும் சரி ஆன்லைன்ல இருந்தாலும் சரி, ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், கோச்சோட ஆட்டத்த எவ்ளோ வேணா விமர்சனம் பண்ணுங்க, குடும்பத்த இழுக்காதீங்க, சின்ன வயசு பிளேயர டேக் பண்ணி திட்டாதீங்க.

கடைசியா, மாத்தணும்னு முடிவு வந்தா கோபத்த கோச்சோட நிறுத்தாம கிளப் நடத்தறவங்க பக்கமும் திருப்புங்க. யுனைடெட் மொரீன்யோ, சோல்ஷார், டென் ஹாக், அமோரிம்னு ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆட்டம் ஆடற ஆள கூட்டிட்டு வந்து, முன்னவருக்காக வாங்குன பிளேயர் பின்னவருக்கு ஒத்துவராமப் போயி, மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. பிரைட்டன் பாருங்க, 2022 செப்டம்பர்ல பாட்டர செல்சி தூக்கிட்டுப் போச்சு, டி செர்பிய கொண்டு வந்தாங்க, பால கால்ல வச்சு பின்னாலேர்ந்து ஆடற ஸ்க்வாட் ஏற்கனவே இருந்துச்சு, அந்த சீசனே ஆறாவது இடம், கிளப் வரலாற்றுல முதல் தடவையா ஐரோப்பிய போட்டிக்கு போனாங்க. அதனால அடுத்த பேரு அறிவிச்சதும் ஸ்க்வாட் லிஸ்ட்ட எடுத்து வச்சு, இவரு வழக்கமா ஆடற ஆட்டத்துக்கு இப்ப இருக்கறவங்கள்ல எத்தனை பேரு அப்படியே பொருந்துவாங்கன்னு எண்ணுங்க. எட்டு பேருக்கு மேல வந்தா முதல் சீசன்லயே ரிசல்ட் கேளுங்க, அஞ்சுக்கு கீழ வந்தா ரெண்டு கோடை டிரான்ஸ்பர் ஆகும்னு வச்சுக்கோங்க, அவ்ளோ காசும் பொறுமையும் கிளப்கிட்ட இருக்கான்னு அவங்கள கேளுங்க.